பாக்கி இல்லாத பண்டிகை

மாதம் பிறந்தால் 5ஆம் தேதி காலை ஆறரை மணிக்கு என் செல்போன் ஒருமுறை முனகும். ‘உங்கள் கணக்கிலிருந்து தவணை எடுத்தாயிற்று’ என்று செய்தி. எங்கள் வீட்டில் சேவல் கூவுகிற வேலையை ஐந்து வருஷமாக அதுதான் பார்த்தது. 2024 நவம்பர் 5ஆம் தேதி அது முனகவில்லை. எழுந்து உட்கார்ந்து போனைத் தட்டிப் பார்த்தேன். சார்ஜ் இருந்தது. சிக்னல் இருந்தது. கடன்தான் இல்லை.

“விடியமுன்ன என்னத்தத் தேடுதீங்க?” என்றாள் மனைவி.

“மெசேஜ் வரல.”

“அதான் போன மாசத்தோட முடிஞ்சிட்டே. படுங்க.”

படுத்தேன், தூக்கம் பிடிக்கவில்லை. வருஷக்கணக்காக மாடியில் குடியிருந்தவர் சொல்லாமல் காலி பண்ணிப் போனதுபோல இருந்தது. வாடகை தராதவர்தான், ஆனாலும் நடமாட்டம் இருந்ததே.

அவர் குடிவந்தது 2018 கிறிஸ்மஸுக்கு. அந்த வருஷம்தான் என் சட்டைப்பையில் கிரெடிட் கார்டு நுழைந்தது. குடும்பத்தில் பதினோரு பேருக்கும் துணி எடுத்தேன். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பட்டு. மச்சினனுக்குக் கோட்டு. பாளையங்கோட்டை வெயிலுக்குக் கோட்டு எதற்கு என்று கடைக்காரரே கேட்டார், நான் கேட்கவில்லை. தெருவில் முப்பது வீட்டுக்குப் பிளம் கேக். கேரல் ரவுண்ட்ஸ் வந்தவர்கள் நோட்டை நீட்டியதும் 2001 ரூபாய் என்று எழுதினேன். அவர்களிடம் கார்டு தேய்க்கிற மிஷின் இல்லாததால், அதே கார்டைக் கொண்டுபோய் ஏடிஎம்மில் பணமாக எடுத்து வந்தேன். அப்படி எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பதை ஜனவரியில் தெரிந்துகொண்டேன்.

ஜனவரியில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ‘மினிமம் டியூ’. தமிழில் இதற்கு ‘குறைந்தபட்சம் கட்டவேண்டிய தொகை’ என்று அர்த்தம் சொல்வார்கள். சரியான அர்த்தம் ‘அதிகபட்சம் எத்தனை வருஷம் மாட்டிக்கொள்வாய்’ என்பது. பாக்கி ஒரு லட்சம். 5 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் கட்டினால் போதும் என்றார்கள். அடடா, எவ்வளவு நல்லவர்கள் என்று கட்டினேன். மாத வட்டி மூன்றரை சதவீதம், 3,500. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 630. ஆக நான் கட்டிய ஐயாயிரத்தில் 4,130 ரூபாய் வந்த வழியே போய்விட்டது. அசலில் குறைந்தது 870. வட்டிக்கு வரி கட்டுகிற பாக்கியம் ஆடம்பரமாகக் கிறிஸ்மஸ் கொண்டாடுகிறவனுக்குத்தான் வாய்க்கும்.

கார்டை அடைக்க ஒரு தனிநபர் கடன், அது போதாமல் மனைவியின் ஏழு பவுன் செயின் அடகுக்கு. வருஷா வருஷம் வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைப்போம். 2021இல் அதற்கும் வழியில்லாமல் ஏல அறிவிப்பு வந்தது. சீட்டை எடுத்து எப்படியோ தப்பித்தோம். அந்த அறிவிப்புக் காகிதத்தை, மறுபடி புத்தி கெட்டுவிடக் கூடாது என்று மனைவி பைபிளுக்குள் வைத்தாள். எந்த ஆகமத்தில் என்று கேட்டேன். புலம்பலில் என்றாள்.

கணக்குப் பார்த்தால் 2018ஆம் வருஷக் கிறிஸ்மஸை நாங்கள் 2024 அக்டோபர் வரை கொண்டாடியிருக்கிறோம். கோட்டு 2020லேயே மச்சினனுக்கு இடுப்பில் பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

இதில் வேடிக்கை, இந்தக் காலமெல்லாம் ஊரில் என்னைத் தாராளமானவன் என்றுதான் சொன்னார்கள். கடன் வெளியே தெரிந்துவிடுமோ என்கிற பயத்தில் கைமாற்று வாங்கியாவது கேக் கொடுத்தேன். மனைவி கவரிங் செயினோடு ஐந்து வருஷம் கோயிலுக்குப் போய் வந்தாள், ஒருத்தர் கண்டுபிடிக்கவில்லை. செயினை மீட்டு வந்து முதல் ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொண்டு போனாளே, அன்றைக்குப் பெரியம்மா கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு தாயி, எந்தக் கடையில கவரிங்?” என்றாள்.

ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் பரமண்டல ஜெபத்தில் ‘குற்றங்களை மன்னியும்’ என்று வரும். பைபிளில் மத்தேயுவைத் திறந்து பார்த்தால் அந்த இடத்தில் ‘கடன்’ என்றே இருக்கும். ஐந்து வருஷமும் நான் மத்தேயு கட்சி. சபையார் குற்றம் என்னும்போது நான் மட்டும் வாய்க்குள் கடன் என்பேன். பக்கத்தில் நிற்பவர் ஒருமாதிரி பார்ப்பார். கடன் தீர்ந்த மறுவாரம் தைரியமாகக் குற்றம் என்று சத்தமாகச் சொன்னேன்.

அந்த வாரமே போன் வந்தது. “சார், உங்க சிபில் ஸ்கோர் ரொம்ப நல்லா இருக்கு. அஞ்சு லட்சம் ரெடியா வச்சிருக்கோம், கிறிஸ்மஸ் ஆஃபர்.” 900க்கு 781. பள்ளிக்கூடத்தில்கூட நான் அந்த சதவீதம் வாங்கியதில்லை. ஒழுங்காகக் கட்டி முடித்ததற்குப் பரிசு, மறுபடி முதலிலிருந்து கட்டலாம் என்பது. வேண்டாம் என்றதும் அந்தப் பெண்ணின் குரலில் வந்த வருத்தம், என் கல்யாணத்துக்கு வராத சொந்தக்காரர்கள்கூடப் பட்டதில்லை.

நாங்கள் முடிவெடுத்துவிட்டோம். 2024 கிறிஸ்மஸுக்கு மொத்தம் 6,000 ரூபாய், ரொக்கம், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள். பாட்டில் காலியானால் பண்டிகை முடிந்தது. துணி பிள்ளைகளுக்கு மட்டும். எனக்கு 2018இல் எடுத்த சட்டை. அதன் கடைசித் தவணையை அக்டோபரில்தான் கட்டினேன் என்பதால் கணக்குப்படி அது புதுச் சட்டைதான்.

பலகாரத்துக்கு மனைவி முந்திரிக்கொத்தைத் தேர்ந்தெடுத்தாள். அவளுக்கு நாகர்கோவில் பக்கம், கையோடு பிறந்த பலகாரம். சிக்கனக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பண்டம் கிடையாது, பெயரில்தான் முந்திரி, உள்ளே தேடினாலும் அகப்படாது. சிறுபயற்றை வாசம் வரும்வரை வறுத்துத் திரித்து, வறுத்த தேங்காய்த் துருவலும் எள்ளும் ஏலக்காயும் சேர்த்து, கருப்பட்டிப் பாகை ஊற்றிச் சூடு ஆறுமுன் உருட்ட வேண்டும். ஆறிவிட்டால் உதிரும், ஆறாவிட்டால் உள்ளங்கை போகும். மஞ்சள் போட்ட அரிசி மாவில் முக்கி மூன்று மூன்றாக எண்ணெயில் விட்டால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கொத்தாக வரும். என் வேலை உருட்டுவது. முதல் ஐம்பது எலுமிச்சை அளவில் இருந்தன. மனைவி பார்த்துவிட்டு, “இது 2018 சைஸ்” என்றாள். அதற்குப் பிறகு நெல்லிக்காய்.

அக்கம்பக்கத்துக்குக் கொடுக்காமல் இருக்கவும் முடியாது. தீபாவளிக்கு எதிர்வீட்டு அதிரசத் தட்டும் ரம்ஜானுக்குப் பின்வீட்டு பிரியாணித் தூக்குவாளியும் வந்திருக்கின்றன. ஆளுக்கு ஆறு கொத்து என்று கொடுத்தோம். எதிர்வீட்டு அக்கா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கேக் பொறவு வருமோ?” என்றார்.

இப்படித்தான் பட்டம் ஒட்ட ஆரம்பித்தது. பட்டு வராத பெரியம்மா, “காசு சேரச் சேரக் கை சுருங்கும்னு சும்மாவா சொன்னாங்க” என்று அம்மாவிடம் சொன்னாளாம். மச்சினன் நேரிலேயே வந்தான். “அத்தான், ஒங்களுக்குத்தான் இப்ப செலவே இல்லியே, ஒரு அம்பதாயிரம் இருந்தா...” என்றான். பார்க்கிறேன் மாப்ள என்றேன். ஊர் முழுக்க ஒரே தீர்மானம்: ஆள் எங்கேயோ இடம் வாங்குகிறான், அதுதான் இந்தக் கஞ்சத்தனம்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகன் அதற்கு இங்கிலீஷில் பெயரே வைத்துவிட்டான். பள்ளி நூலகத்திலிருந்து டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்மஸ் கேரல்’ எடுத்து வந்திருந்தான். நான் குளியலறையில் பழைய சோப்புத் துண்டைப் புதிய சோப்பின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தபோது, வெளியே நின்று “ஸ்க்ரூஜ்” என்றான்.

எனக்கு ரோஷம் வந்தது. புத்தகத்தை வாங்கிப் படித்தேன், எழுதியவரைப் பற்றியும் தேடிப் படித்தேன். 1824இல் டிக்கன்ஸின் அப்பாவைக் கடனுக்காக லண்டனில் மார்ஷல்சி சிறையில் போட்டிருக்கிறார்கள். பையன் பன்னிரண்டு வயதில் ஷூ பாலிஷ் டப்பாவுக்கு லேபிள் ஒட்டப் போனான். வளர்ந்து பெயர் வாங்கியபிறகும் 1843இல் பணமுடை. ஆறு வாரத்தில் இந்தக் கதையை எழுதி, டிசம்பர் 19இல் வெளியிட்டார். 6,000 பிரதி கிறிஸ்மஸுக்குள் விற்றுப்போனது. ஆயிரம் பவுண்டு வரும் என்று எதிர்பார்த்தவருக்குக் கிடைத்தது சுமார் 230. காரணம் என்ன? வண்ணப் படம் வேண்டும், தாளின் ஓரத்துக்குத் தங்க முலாம் வேண்டும், விலை மட்டும் ஐந்து ஷில்லிங்கைத் தாண்டக்கூடாது என்று அவரே நின்று செய்த செலவு. மச்சினனுக்குக் கோட்டு எடுத்த என்னை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கக்கூடிய ஒரே ஆங்கில எழுத்தாளர்.

மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். “ஏல, ஸ்க்ரூஜ் எவன்ட்டயாவது கடன் வாங்கியிருக்கானா? அவன் குடுத்தவம்ல. நான் அவன்ட்ட வாரம் பதினஞ்சு ஷில்லிங்குக்குக் குமாஸ்தா வேல பாத்தானே, பாப் கிராட்சிட், அவன் ஜாதி.”

“பாப் கிராட்சிட் வீட்ல கிறிஸ்மஸுக்கு வாத்து வாங்கினாங்கப்பா” என்றான் மகன். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நட்சத்திரம்தான் பாக்கி. கடையில் வாங்கினால் பாட்டில் தாங்காது என்று, 2018இல் வாங்கியதைப் பரணிலிருந்து இறக்கினேன். ஒரு முனையை எலி தின்றிருந்தது. அப்பா காலத்தில் மூங்கில் சீவி, கலர்த்தாள் வெட்டி, மைதாப் பசை காய்ச்சி வீட்டிலேயே செய்வோம். ஒரு முனைதானே என்று மகனிடம் மஞ்சள் கலர்த்தாளைக் கொடுத்து ஒட்டச் சொன்னேன். மெல்லிய தாள், நிற்கவில்லை. உள்பக்கம் கெட்டியாக ஏதாவது காகிதம் வைத்து ஒட்டு என்று சொல்லிவிட்டுக் காய்கறி வாங்கப் போனேன். பகலில் பார்த்தபோது பிரமாதமாக இருந்தது. வாசலில் தொங்கவிட்டு, பல்பைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனோம்.

டிசம்பர் 22, இரவு பன்னிரண்டே முக்கால். ஜெனரேட்டர் சத்தத்தோடு மினி லாரி வந்து நின்றது. கீபோர்டு, டிரம்ஸ், முகமூடி போட்ட கிறிஸ்மஸ் தாத்தா, பின்னால் நாற்பது பேர். நான் இருநூறு ரூபாயைக் கவரில் போட்டுத் தயாராக வைத்திருந்தேன். நோட்டில் போன வருஷங்களின் தொகை வரிசையாக இருக்கும் என்பதை நினைத்தால் வயிற்றைப் பிசைந்தது.

கதவைத் திறந்தேன். பாட்டு முதல் சரணத்தோடு நின்றுவிட்டது. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்மஸ் தாத்தா முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பெத்லகேமுக்கு வந்த சாஸ்திரிகளைப்போல நட்சத்திரத்தை உற்றுப் பார்த்தார். பிறகு எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“நகை... ஏல... அறிவிப்பு.”

புலம்பலில் இருந்த காகிதம். மகன் அச்சு வெளியே தெரிகிற மாதிரி வைத்து ஒட்டியிருக்கிறான். பின்னால் பல்பு எரிய, மஞ்சள் தாளில் கறுப்பு எழுத்து, தெருமுனை வரைக்கும் துலக்கமாக. பொது ஏலம், அசலும் வட்டியும், கீழே என் பெயர், தகப்பனார் பெயர்.

கேரல் செயலாளர் நோட்டை மெதுவாக மூடினார். “தம்பி, கவரெல்லாம் இருக்கட்டும். ஜெபம் மட்டும் பண்ணிட்டுப் போறோம்.” பண்ணினார். இந்தக் குடும்பத்தின் கடன் பாரம் நீங்கும்படி நாற்பது பேரும் கண்ணை மூடி நின்றார்கள். டிரம்ஸ்காரப் பையன் மூக்கை உறிஞ்சினான். கடைசியில் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது நான். கவரை மனைவி வலுக்கட்டாயமாகச் செயலாளர் பையில் திணித்தாள். அவர் அதை வாங்கிய விதத்தைப் பார்த்தால், ஏதோ விதவையின் காசு என்றே நினைத்திருக்க வேண்டும்.

விடிந்ததும் பெரியம்மா கறியோடு வந்தாள். “ஏய்யா, ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா? நான் என்னத்தையெல்லாம் பேசிட்டேன்.” மனைவி செயினைக் கழற்றிவிட்டுப் பழைய கவரிங்கைப் போட்டுக்கொண்டாள். எதிர்வீட்டு அக்கா ஒரு கிலோ கேக் கொடுத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் ஏழு கேக் சேர்ந்தது. நான் முப்பது வீட்டுக்குக் கொடுத்த வருஷம் வந்தது மூன்று. மச்சினன் போன் பண்ணினான்: “அத்தான், நான் வேற எடத்துல பாத்துக்கிடுதேன், நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்கிடாதீங்க.”

அறிவிப்பின் தேதி 2021 என்பது மடிப்புக்குள் போயிருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜனவரி 6க்குப் பிறகு தெருவில் எல்லா வீட்டிலும் நட்சத்திரத்தை இறக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இன்னும் தொங்குகிறது. 9 வாட் பல்புதான். தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு மூன்று யூனிட்கூட ஆகாது.