படகுக்கு 18 மாதம், ஆளுக்கு 90 நாள்

அனுப்புநர்: மத்தியதரைக் கடலோரம் நாள் எண்ணிக்கொண்டிருக்கும் பாய்மரப் படகு மாலுமிகள்

பெறுநர்: ஐரோப்பிய ஆணையம், பிரஸ்ஸல்ஸ் (உள்துறையும் சுங்கத்துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்க)

பொருள்: மாலுமிகளைப் படகின் உதிரிபாகமாகப் பதிவு செய்யக் கோருதல் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

முதலில் நன்றி. மனுதாரர்களின் படகை ஐரோப்பிய ஒன்றியம் கவனித்துக்கொள்ளும் விதத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. ஒன்றியத்துக்கு வெளியே பதிவாகி, வெளியே வசிப்பவருக்குச் சொந்தமான படகு என்றால் சுங்கச் சட்டம் அதற்குத் தற்காலிக அனுமதியாக 18 மாதம் தருகிறது. அதுவரை தீர்வை இல்லை, மதிப்புக் கூட்டு வரியும் இல்லை. கிரீஸில் 24 சதவீதம், குரோஷியாவில் 25 சதவீதம் என்று உள்ளூர்க்காரர் முனகிக்கொண்டே கட்டும் வரி அது.

அதே படகிலிருந்து இறங்கும் அமெரிக்கருக்கும் ஆஸ்திரேலியருக்கும், 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ்காரருக்கும், உள் எல்லைச் சோதனைகளை நீக்கிய ஷெங்கன் நாடுகளின் விதி தங்குவதற்கு அளந்து கொடுப்பது எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள். இந்திய பாஸ்போர்ட்காரருக்கு அந்தத் தொண்ணூறும் சும்மா வராது. முதலில் 90 யூரோ கட்டி விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாளுக்கு ஒரு யூரோ. கிடைத்தால்.

ஆக, நான்காம் மாதம் பிறக்கும்போது படகுக்கு இன்னும் 15 மாதம் பாக்கி, கேப்டனுக்கு ஒரு நாளும் இல்லை. மாட்டுக்குத் தொழுவமும் வைக்கோலும் கொடுத்துவிட்டு வண்டிக்காரரை ஊர் எல்லைக்கு வெளியே படுக்கச் சொல்வது போன்ற உபசாரம் இது.

புதுப்பிக்கும் வழியிலும் படகுக்கே யோகம். 18 மாதம் முடியப்போகிறதா? குரோஷியாவின் சாவ்தாத் துறைமுகத்தில் காகிதங்களை முடித்துக்கொண்டு பக்கத்து மாண்டினீக்ரோவுக்குப் போய்த் திரும்பினால் போதும், புதிதாக 18 மாதம். கிரீஸின் கஸ்தெலோரிசோ தீவிலிருந்து துருக்கிக் கரை இரண்டே கிலோமீட்டர். மதியச் சாப்பாட்டுக்குப் போய்வரும் தூரத்தில் படகுக்கு மறுபிறவி. வெளியே இத்தனை நாள் இருந்தாக வேண்டும் என்ற கணக்கே கிடையாது.

கூடவே போன கேப்டனுக்கு அந்தச் சாப்பாட்டில் மிஞ்சுவது ஏப்பம் மட்டும். 2013 அக்டோபரில் அமலுக்கு வந்த முறைப்படி, ஒவ்வொரு நாளும் பின்னோக்கி 180 நாளை எண்ண வேண்டும். நுழைந்த நாளும் ஒரு நாள், வெளியேறிய நாளும் ஒரு நாள். இதை மனிதர்கள் மனக்கணக்காகப் போட முடியாது என்பது ஆணையத்துக்கே தெரியும். அதனால்தான் இணையத்தில் ஒரு கணிப்பானையும் வைத்திருக்கிறது. 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறை வந்துவிட்டதால், மங்கிய முத்திரைகளை உற்றுப் பார்த்து நாள் எண்ணும் வேலை இனிக் கணினிக்கு. படகிடம் யாரும் கைரேகை கேட்கவில்லை.

விமானத்தில் வருபவருக்கு இந்த விதி பொருந்தலாம். அவருக்குத் திரும்பும் தேதி டிக்கெட்டிலேயே இருக்கிறது. பாய்மரப் படகில் வருபவருக்கோ அது காற்றின் கையில். பெர்முடாவிலிருந்து போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுகளின் ஓர்ட்டா துறைமுகத்துக்கு ஏறத்தாழ 1,800 கடல் மைல். காற்று மனம் வைத்தால் இரண்டு வாரம், வைக்காவிட்டால் மூன்று. அங்கே வந்து சேரும் மாலுமிகள் துறைமுகச் சுவரில் தங்கள் படகின் பெயரை வரைந்துவிட்டுப் போவது வழக்கம். வரையாமல் போனால் கெடுதல் வரும் என்று ஒரு நம்பிக்கை. அந்தப் பெயின்ட் காய்வதற்குள் தொண்ணூறில் ஒன்று கழிந்துவிடுகிறது.

நீண்டகால விசா வாங்கிக்கொள்ளலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். பிரான்ஸ் தருகிறது, நல்ல விசாதான். ஆனால் அது பிரான்சில் தங்குவதற்கு. இத்தாலிக்குப் போனால் மறுபடி 90 நாள் கணக்கு. சரி, மாலுமிகளுக்கென்று சலுகை உண்டா என்று பார்த்தால், கடல் போக்குவரத்தை எளிதாக்க வந்த 1965ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கை போர்க்கப்பலையும் உல்லாசப் படகையும் ஒரே வரியில் விலக்கிவைத்திருக்கிறது. நாற்பது அடிப் படகுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்திருக்க முடியாது.

தங்கள் ஆவணக் காப்பகத்திலிருந்தே ஒன்றை மனுதாரர்கள் சுட்டிக்காட்ட விரும்புகிறார்கள். 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் ஷெங்கன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது அலுவலகத்தில் அல்ல. மோசெல் ஆற்றில் நின்ற பிரின்சஸ் மரி-ஆஸ்ட்ரிட் என்ற பயணப் படகில். லக்சம்பர்க்கும் ஜெர்மனியும் கூட்டாக ஆளும் நீர்ப்பரப்பு அது. எல்லைகளை அழிக்கப் படகு வேண்டியிருந்தது. படகில் வருபவர் மட்டும் வேண்டாதவராகிவிட்டார்.

எனவே கோரிக்கை எளியது. படகோடு வரும் நங்கூரம், கயிறு, சிறு தோணி, உபரிப் பாய் எல்லாம் படகின் கணக்கிலேயே 18 மாதம் தங்குகின்றன. அந்தப் பட்டியலில் நங்கூரத்துக்குக் கீழே கேப்டன் ஒன்று, சமையல்காரர் ஒன்று என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். சட்டம் திருத்த வேண்டியதில்லை. குளிர்காலத்தில் படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கும் இதில் ஆட்சேபம் இருக்காது. பில்லுக்குப் பணம் கொடுப்பது இதுவரை நங்கூரமாக இருந்ததில்லை.

பதிலை 90 நாளுக்குள் அனுப்பினால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும். தாமதமானால் படகின் பெயருக்கே அனுப்பலாம். அது இன்னும் 15 மாதம் அதே துறையில்தான் கட்டியிருக்கும்.