அரைப் பேச்சு ஐயா

பலாங்கொடையோ இறக்குவானையோ, எந்தப் பக்கத்துத் தோட்ட ஆபிசுக்குப் போனாலும் இவர் இருப்பார். ஒரே ஹோல், நாலு மேசை, கிறீச்சிடும் ஒரு மின்விசிறி. மூலை மேசை மட்டும்தான் ஐயாவுடையது. ஆனால் போனைக் காதில் வைத்துவிட்டால் ஹோல் முழுவதும் அவருடையதாகிவிடும்.

ஐயா கெட்டவர் இல்லை. போன் கண்டுபிடித்ததை மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. இரத்தினபுரியில் இருக்கிற மச்சானோடு பேசினால், இரத்தினபுரிக்கே கேட்கும்படி பேசுவார்.

ஒரு மாதக் கடைசி. நான் செக்ரோலில், அதாவது வேலைநாள் பதிவேட்டில், பேர் போட்டுக்கொண்டிருந்தேன். முழு நாளுக்கு ஒரு பேர், கொழுந்து குறைந்தால் அரைப் பேர். போன் அடித்தது. மச்சான்தான்.

"என்னது, கல்லு வெளிய வந்துருச்சா?"

இந்த மாவட்டத்தில் கல்லு என்றால் மாணிக்கம்தான். நாலு பேனாவும் நின்றன.

"எத்தன? ரெண்டா!"

கொழுந்து நிறை எழுதியவர் கிலோவை மறந்து கரட்டுக்குப் போய்விட்டார்.

"பத்திரமா எடுத்து வை. காட்டணும்ல."

யாருக்குக் காட்டுவது? எந்த முதலாளிக்கு? மச்சான் பங்கு கொடுப்பாரா? என் கை மட்டும் மறுபடி தானாகச் செக்ரோலில் ஓடத் தொடங்கியது.

"சரி சரி, டாக்டர் சொன்ன மாதிரி தண்ணிய நெறையக் குடி."

சிறுநீரகக் கல்!

2010இல் கோர்னெல் பல்கலைக்கழகக்காரர்கள் இந்த அரைப் பேச்சுத் தொல்லையைச் சோதித்தே பார்த்தார்கள். இரண்டு பேர் பேசுவது முழுதாகக் காதில் விழுந்தால் வேலை அவ்வளவாகக் கெடுவதில்லை. ஒருவர் பேசுவது மட்டும் விழுந்தால்தான் கவனம் சிதறுகிறது. அடுத்து என்ன வருமென்று ஊகிக்க முடியாமல், விட்டுப்போன பாதியை மனம் தானே இட்டுக்கட்டப் போய்விடுமாம். மாணிக்க மண்ணில் அது எவ்வளவு தூரம் போகும் என்று அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது!

மறுநாள் ஆபிஸ் ஜன்னலில் ஓர் அக்கா. "ஐயா, நேத்து கூடை நெறைய எடுத்தேன். எனக்கு ஏன் அரைப் பேரு?"

2024 வர்த்தமானியில் நாள் சம்பளம் 1350 ரூபா ஆகியிருந்த நேரம். அரைப் பேர் என்றால் 675 காலி. மச்சானின் இரண்டாவது கல் அக்காவின் கூடையில் விழுந்திருந்தது. அசடு வழியத் திருத்தினேன்.

மூலையிலிருந்து அதட்டல் வந்தது: "கொஞ்சம் மெதுவாப் பேசும்மா! ஆபிஸ்ல ஆளுங்க வேல செய்யவேணாமா?"

சொல்லிவிட்டு ஐயா போனுக்குத் திரும்பினார்: "ம்... நீ சொல்லு. மூணாவதும் வந்துருச்சா?"

நாலு பேனாவும் நின்றன.