கம்பெனி வண்டி

எங்கள் வீட்டு ஏசி பார்க்க வந்த சர்வீஸ் இன்ஜினியரின் சட்டையில் கம்பெனி பெயர், பையில் கம்பெனி பெயர். பைக்கிலும் ஒரு ஸ்டிக்கர்.

"கம்பெனி வண்டியா தம்பி?" என்றார் ஆச்சி.

"ஆமா ஆச்சி. தவணை மட்டும் நான் கட்டுறேன்."

வேலைக்குச் சேரும்போது 'வாகன வசதி உண்டு' என்றார்களாம். வசதி என்பது லிட்டர் கணக்கில் பெட்ரோல் படி. அதுவும் காரைக்குடிக்குள் ஓடினால்தான். தேவகோட்டைச் சாலையில் அமராவதிபுதூர் வரை வந்தது அவருடைய தர்மம். லேப்டாப்பும் உண்டு. அதை வைத்து கம்ப்ரசரைத் திறக்க முடியாது என்பதால் ஸ்பானர் செட் சொந்தக் காசு.

வருமான வரி விதிகளோ இவருக்காக ரொம்பவே கவலைப்பட்டிருக்கின்றன. கம்பெனி கொடுக்கும் காரைச் சொந்த வேலைக்கும் ஓட்டினால் அது சலுகை, 1.6 லிட்டர் இன்ஜினுக்கு மேலா கீழா, டிரைவர் உண்டா என்று பார்த்து மதிப்புப் போட்டு வரி பிடிப்பார்கள். சொந்த பைக்கைக் கம்பெனி வேலைக்கு ஓட்டுகிறவர் கம்பெனிக்குக் கொடுக்கும் சலுகைக்கு யார் மதிப்புப் போடுவது?

"ஏணி இருக்கா ஆச்சி?" என்று கேட்டார் அவர். முகப்பிலிருந்து எங்கள் மூங்கில் ஏணியை எடுத்துக் கொடுத்தோம். வேலை முடிந்து வந்த பில்லில் 'உபகரணக் கட்டணம்' என்று ஒரு வரி இருந்தது.