மலையடிவார வலைத்தளவியல்: ஒரு முன்னாய்வு

இணையப் பக்கம் என்னும் பொருள் மலையடிவாரத்தில் பிறந்தது என்பதை அறிஞர்கள் இதுவரை போதிய அளவு கவனிக்கவில்லை. உலகின் முதல் வலைத்தளத்தை டிம் பெர்னர்ஸ் லீ வெளியுலகுக்கு அறிவித்த நாள் 1991 ஆகஸ்ட் 6. அவர் வேலை பார்த்த செர்ன் ஆய்வுக்கூடம் ஜூரா மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. நம் ஊர் முள்ளுக்குறிச்சியோ கொல்லிமலையின் அடிவாரம். எனவே, சிறு கடைக்கு வலைத்தளம் போடுவது எப்படி என்ற ஆராய்ச்சிக்கு இதைவிடத் தகுந்த களம் வேறில்லை என்பது வெள்ளிடைமலை. மறுப்போர் வேறு மலை காட்டட்டும்.

ஆய்வுக்காக ஒரு கடையைக் கற்பித்துக்கொள்வோம். மிளகு, தேன், சாமை, பருவத்தில் பலாவும் அன்னாசியும் விற்கிற கடை. கடைக்காரருக்கு வாட்ஸ்அப் தெரியும். அதற்கு மேல் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குள் வலைத்தளம் வேண்டும். அவர் பொருட்டு யாத்த நூற்பா:

பெயரும் பொருளும் இடமும் விலையும்
அழைக்கும் எண்ணும் அடங்கிய ஒருபக்கம்
வலைத்தளம் என்மனார் கடைத்தெருப் புலவர்.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், ஒரு பக்கத்துக்கு மேல் போகாதே என்று விலக்குதல் நுதலிற்று. ஐந்தும் ஒரு பக்கத்தில் அடங்குமோ என்பார்க்கு மலையிலேயே விடை உண்டு. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அந்த ஓரியின் மலையடியில் உட்கார்ந்துகொண்டு ஐந்து விஷயத்துக்கு ஐந்து பக்கம் கேட்பது ஊருக்கே இழுக்கு.

இனி உரை. பெயர் என்பது, போனில் ஒருமுறை சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் தப்பில்லாமல் எழுதிக்கொள்ளும் பெயர். முள்ளுக்குறிச்சியை ஆங்கில எழுத்தில் எழுத ஒரு ‘கே’யா, இரண்டு ‘கே’யா என்ற வழக்கு தீராதது. அதை வலைத்தள முகவரியில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளரைத் தேடவிடக் கூடாது. பொருள் என்பது, நம் கடைப் பொருளின் படம். இணையத்தில் எடுத்த மிளகுப் படம் ஆகாது. அது வியட்நாம் மிளகாகவும் இருக்கும். போன் கேமராவைத் துண்டு நுனியால் துடைத்து, காலை வெளிச்சத்தில் வாசலில் வைத்து எடுத்தால் போதும்.

இடம் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு ஏறுபவர் நம் கடையைப் பார்க்கவே மாட்டார். நாமகிரிப்பேட்டைப் பக்கமாக வந்து முள்ளுக்குறிச்சி வழியாக மலையேறுபவரே நம் வாடிக்கையாளர். ஆகவே ‘கொல்லிமலை’ என்று மட்டும் போட்டால் பாதிப் பேர் மலையின் மறுபக்கத்தில் நின்று போன் செய்வார்கள். எந்த வழி என்று ஒரு வரி எழுதி, வரைபடத்தில் கடையைக் குறித்துவிடுவது நலம்.

விலையில்தான் ஆய்வுலகம் இரண்டாகப் பிளந்திருக்கிறது. ‘விலைக்கு அழைக்கவும்’ என்பது பழைய கொள்கை. விலை போட்டால் எதிர்க்கடைக்காரர் பார்த்துவிடுவார் என்பது அதற்குச் சொல்லும் காரணம். அவர் தினமும் காலையில் ஆள் விட்டு விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்பதால் இக்கொள்கை தள்ளுபடி ஆகிறது. மிளகு விலை ஏறி இறங்கும். தேதி போட்டு விலையை எழுதிவிட்டால் ஒருவரும் சண்டைக்கு வர மாட்டார்கள். எண்ணை விசிட்டிங் கார்டுப் படமாக ஒட்டாமல், தொட்டால் அழைப்பு போகும்படி இணைப்பாகக் கொடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் கல்லூரி விடுமுறைக்கு வந்த அண்ணன் மகன் நுழைவது இயற்கை. “சித்தப்பா, மேல ஸ்லைடர் ஒண்ணு வெச்சுட்டா கெத்தா இருக்கும்” என்பான். “பாத்துச் செய் சாமி” என்பார் இவர். மாலைக்குள் தொலைநோக்கு, குறிக்கோள், எங்கள் குழு என்று மூன்று பக்கம் கூடிவிடும். குழுவில் இருப்பவர் அவரும் சித்தியும். ஓடும் ஐந்து படமும் ஆளுக்கு நாலு எம்பி. சிக்னல் வந்து வந்து போகிற வளைவில் காரை ஓரங்கட்டிப் பக்கத்தைத் திறப்பவருக்கு முதல் படம் வருவதற்குள் பலாப்பழ ஆசை போய்விடும். பெர்னர்ஸ் லீயின் முதல் பக்கத்தில் படமே கிடையாது, எழுத்தும் இணைப்பும் மட்டும். அதன் நகல் இன்றும் திறக்கிறது, அதுவும் சட்டென்று. என் தீர்ப்பு அண்ணன் மகனுக்கு எதிரானது.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜிமெயில் கணக்கு இருந்தால் கூகுள் சைட்ஸில் காசில்லாமல் செய்யலாம்: எழுத்தைத் தட்டி, படத்தை இழுத்துப் போட்டு, பப்ளிஷ் அமுக்கினால் தீர்ந்தது. கம்ப்யூட்டரில் செய்வது எளிது. பிரவுசிங் சென்டரானால் கிளம்பும்போது லாக் அவுட் செய்ய மறக்கக் கூடாது. 2003இல் வந்த வேர்ட்பிரஸ் இன்னும் பலவற்றுக்கு இடம் தரும். அதனாலேயே ஞாயிற்றுக்கிழமைக்கு உகந்ததன்று.

இலவசத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2017இல் கூகுள் சிறு கடைகளுக்குச் சில நிமிடத்தில் ஒரு பக்க வலைத்தளம் போட்டுத் தரத் தொடங்கியது. வரைபடத்தில் கடை பதிந்திருந்தால் விவரங்களை அதுவே நிரப்பிக்கொள்ளும். நம் ஊர்க் கடைகளும் சேர்ந்தன. 2024 மார்ச்சில் அந்தப் பக்கங்களையெல்லாம் மூடிவிட்டார்கள். ஜூன் வரை பழைய முகவரிக்கு வந்தவரை வரைபடப் பதிவுக்குத் திருப்பிவிட்டு, பிறகு அதையும் நிறுத்தினார்கள். பையிலும் பில்லிலும் அந்த முகவரியை அச்சடித்தவர்கள் கதி அதோகதி. ஜியோசிட்டீஸ் என்ற பழைய இலவச வலைத்தளச் சேவை 2009இல் மூடப்பட்டபோதும் இதேதான் நடந்தது.

ஆகவே பக்கம் இலவசமாக இருந்தாலும் முகவரி சொந்தமாக இருக்க வேண்டும். ‘டாட் இன்’ பெயருக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். பக்கத்தை நாளை வேறிடத்துக்கு மாற்றினாலும் பையில் அச்சடித்தது மாறாது. பதியும்போது கொடுக்கிற மெயிலும் ஓடிபி வருகிற எண்ணும் கடைக்காரருடையவையாக இருக்கட்டும். அண்ணன் மகனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து நம்பரை மாற்றிவிட்டால், புதுப்பிக்கச் சொல்லி வரும் செய்தி யார் கண்ணிலும் படாது.