கயிறு விற்பனைக்கு இல்லை

சித்திரையில் வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரத்தில் மாரியம்மன் நோம்பியை ஒட்டி மாட்டுச் சந்தை கூடும். எண்பதுகளில் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, என்னை அங்கே கூட்டிப்போவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் காங்கேயம் மாடுகள். அப்புச்சியிடம் நோட்டும் கிடையாது, பென்சிலும் கிடையாது. மயிலை, செவலை, காரி, பிள்ளை என்று நிறம் சொல்வார், வாயைப் பிளந்து பல் எண்ணுவார், சுழி தேடுவார், துண்டுக்கடியில் தரகர் விரலைப் பிடித்து விலை முடிப்பார். இந்த இனத்துக்குப் பேர்போன பழையகோட்டைப் பட்டக்காரர் தொழுவத்து வித்து என்றால் மட்டும் குரல் கொஞ்சம் தணியும். யார் மாடு யாரிடம் போனது என்று பொழுது சாயக் கேட்டாலும் பிசகாமல் ஒப்பிப்பார்.

அது பின்தங்கிய காலம். இப்போது கோவை சரவணம்பட்டியில் ஏசி அறையில் உட்கார்ந்து அதே சந்தையைச் செல்போன் விளையாட்டாகச் செய்கிறோம், யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில். மாடுகளைக் கணக்கெடுக்கவே ஒரு மேனேஜர் உண்டு. ஆள் இல்லை, நிரல்தான். முதலில் அவர் நொடிக்கு அறுபது முறை சந்தை முழுக்க ஓடி, மாடு எங்கே மாடு எங்கே என்று தேடினார். போன் தோசைக்கல்லாகிவிட்டது. பிறகு, வரும் மாடு தானே பட்டியலில் பேர் கொடுக்கட்டும் என்று மாற்றினோம். போகும் மாட்டின் பேரை அடிக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. விற்றுப்போன காளைக்கு மேனேஜர் தீனி போடப் போவார். அங்கே ஒன்றும் இருக்காது. ஆட்டம் அப்படியே நிற்கும். எங்கள் பக்கம் மாட்டை விற்றாலும் கயிற்றை விற்க மாட்டார்கள், வாங்குகிறவன் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். வெறும் கயிற்றை வீட்டுக்குக் கொண்டுவந்த அப்புச்சி ஒருநாளும் அதன் நுனியில் மாட்டைத் தேடியதில்லை.

அடுத்தது நிற விவகாரம். இனத்துக்குப் பொதுவான சங்கதிகளை ஒரே கோப்பில் வைத்துவிட்டால் எல்லா மாடும் அதையே பார்த்துக்கொள்ளும். மாட்டுக்கொரு நகல் எடுத்து நினைவகத்தை நிரப்ப வேண்டியதில்லை. யூனிட்டியில் அதற்கு ஸ்கிரிப்டபிள் ஆப்ஜெக்ட் என்று பேர். அருமையான ஏற்பாடு, மறுக்கவில்லை. புதிதாகச் சேர்ந்த தம்பி அதிலேயே நிறத்தையும் போட்டுவிட்டான். காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து, ஆறு மாத வாக்கில் சாம்பல் நிற மயிலைக்கு மாறும். விளையாட்டில் ஒரு கன்றுக்கு ஆறு மாதம் முடிந்தது. அந்த நொடியே சந்தையிலிருந்த அத்தனை கன்றும் மயிலை, அப்போதுதான் பிறந்து கால் ஊன்றாததும் சேர்த்து. ஆட்டத்தை நிறுத்தி மறுபடி ஓட்டினாலும் மயிலைதான். எடிட்டரில் ஓடும்போது அந்தக் கோப்பில் கைவைத்தால் நிறுத்திய பிறகும் அது பழையபடிக்குத் திரும்பாது.

நிறம், பல், சுழி மூன்றையும் அந்தந்த மாட்டின் கணக்குக்கு மாற்றினோம். இதற்குப் பேர் ஆர்க்கிடெக்சர்; வெள்ளைப்பலகை நிறையப் படம் போட்டோம். அப்புச்சிக்குப் பலகை வாங்கிக் கொடுக்க யாருமில்லை, பாவம்.

போன வாரம் காங்கேயத்து மாமன் மகனிடம் விளையாடக் கொடுத்தேன். கன்று நிறம் மாறியதைப் பார்த்துத் தலையாட்டினான். அப்புறம், "ஏம் மச்சான், காயடிச்ச எருதும் பொலிகாளையும் ஒரே மாதிரி திமில் கறுத்து நிக்குது?" என்றான். காளைக்குத்தான் திமிலும் தொடையும் கறுக்கும். எருது வெளுத்தே இருக்கும்.

திங்கட்கிழமை மீட்டிங். காயடித்ததை எந்தக் கோப்பில் வைப்பது என்று மதியச் சாப்பாடு வரை பேசினோம்.