முதல் ஸ்டார்ட்டை நமக்கு முன்பே முடித்துவைப்பவர்

பழைய கார் வாங்கி விற்கும் ஆட்டோ கன்சல்டிங் அண்ணாச்சிகளில் ஒரு சாராருக்கு, அவர்களுடைய அறிவுக்குரிய மரியாதையை இந்த ஊர் இதுவரை கொடுத்ததில்லை. நேர்மையாகத் தொழில் செய்பவர்களை நான் சொல்லவில்லை. அவர்களுக்கு என் புகழ்ச்சி தேவைப்படாது. கைதேர்ந்தவர்களைச் சொல்கிறேன். கீழே வரும் பாராட்டில் பொய்யாக ஒரு சொல்லும் கிடையாது; அவர்களிடம் உள்ளபடி இருக்கும் திறமைகளை மட்டுமே எழுதப் போகிறேன்.

முதலில் அவர்களுடைய என்ஜின் ஞானம். ஒரு வண்டி இரவு முழுக்க அசையாமல் நின்றால் ஆயில் மெல்ல வடிந்து சம்ப்புக்கு இறங்கிவிடும். வால்வுத் தண்டைப் பிடித்திருக்கும் ரப்பர் சீல் வயதாகி இறுகிப் போயிருந்தால், மேலே தங்கிய ஆயிலில் சில சொட்டு அந்த இடுக்கு வழியாகக் கசிந்து சிலிண்டர் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். காலையில் சாவியைத் திருப்பியதும் அது எரிந்து, சைலன்ஸர் வழியாக நீலப் புகையாகப் பொங்கும். சில நொடிதான். அப்புறம் நாள் முழுக்க அந்த வண்டி யோக்கியமாக ஓடும். டீசல் வண்டியில் ஹீட்டர் பிளக் போயிருந்தாலோ கம்ப்ரஷன் இறங்கியிருந்தாலோ, எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வந்து கண்ணைக் கரிக்கும். ஹெட் கேஸ்கெட் விட்டிருந்தால் இரவில் உள்ளே கசிந்த கூலன்ட், லேசான இனிப்பு வாடையோடு வெள்ளையாக வெளியேறும். டைமிங் செயின் தளர்ந்திருந்தால் ஆயில் மேலே ஏறும்வரை சலசலக்கும், ஏறியதும் அடங்கிவிடும். தன் உடம்பில் இருக்கும் நோயையெல்லாம் என்ஜின் வாய்விட்டுச் சொல்வது, ஆறிக் கிடந்து எழும் அந்த முதல் நிமிடத்தில்தான்.

இதை அண்ணாச்சி அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. அறிந்ததோடு நிற்காமல் உழைக்கவும் செய்கிறார். வாங்க வருபவர் பத்து மணிக்கு வருவதாகச் சொன்னால் எட்டரைக்கெல்லாம் ஷெட்டுக்கு வந்துவிடுவார். வண்டியை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும்வரை ஓடவிட்டு அணைப்பார். புகை போகிற திசையில் போய்விடும். சூட்டில் ரப்பர் இளகி, உலோகம் விரிந்து, தேய்ந்த ரிங்குகூடக் கொஞ்சம் இறுக்கமாக உட்காரும். சோர்ந்திருந்த பேட்டரிக்கும் இந்த ஓட்டத்தில் நாலு வாய் சார்ஜ் கிடைத்துவிடும். கடைசியாக ஈரத்துணி வைத்து டெயில் பைப்பின் உள்விளிம்பைத் துடைப்பார். அங்கே படிந்திருக்கும் பிசுபிசுப்பான ஆயில் கரியை விரலால் தொட்டுப் பார்ப்பவர்கள் ஆயிரத்தில் ஒருவர்தான். அந்த ஒருவருக்காகவும் சிரமம் எடுத்துக்கொள்கிறார் பாருங்கள், அதைத்தான் தொழில்பக்தி என்பது.

பத்து மணிக்குக் குடும்பம் வருகிறது. "செல்ஃப் அடிங்க சார், ஒரே டச்!" என்கிறார். ஒரே டச்சில் வண்டி எழுகிறது. பின்னால் போய் நிற்கும் மச்சினர், புகை இல்லை என்று கையை ஆட்டுகிறார். விவரம் தெரிந்த யாராவது பானட்டில் கைவைத்து, "சூடா இருக்கே அண்ணே?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "இப்பத்தான் சார் வாட்டர் வாஷுக்குப் போய் வந்துச்சு." கேள்விக்கு முன்பே பதிலை ஈரத்தோடு நிறுத்திவைத்திருப்பவரை எதிர்த்து யார் வாதாட முடியும்?

என்றைக்காவது சூடாக்க நேரம் கிடைக்காமல் போய், வாங்குபவர் எதிரிலேயே வெள்ளைப் புகை வந்துவிட்டதென்று வையுங்கள். அப்போதும் அவர் கலங்கமாட்டார். "காலைப் பனிக்கு அப்படித்தான் சார், தண்ணி ஆவி" என்பார். இதிலும் அறிவியல் உண்மை இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கும். ஊட்டியில் ஜனவரி மாதத்து விடியலில் புத்தம் புதிய காரும் வெள்ளை மூச்சுதான் விடும். என்ஜின் சூடேறியதும் அது மறைந்துவிடும், வாடையும் இருக்காது. ஊட்டிக்குப் பொருந்தும் அந்த உண்மையைச் சென்னையின் மே மாதத்துக்கு இறக்கிவந்து, வேர்த்துக் கொட்டும் மனிதரையே பனி என்று ஒப்புக்கொள்ள வைக்கிறாரே, அந்தத் துணிச்சல் வேறு யாருக்கு வரும்? வெள்ளைப் புகை பத்து நிமிடம் ஓடியும் நிற்காவிட்டால் அது ஆவி கிடையாது, கூலன்ட் டேங்கைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற மீதிப் பாதியையும் அவர் நன்றாக அறிவார். கேட்பவருக்கு எவ்வளவு போதுமோ அவ்வளவு மட்டும் சொல்லி நிறுத்தும் அடக்கம் அவருக்கு உண்டு.

மருத்துவமும் தெரிந்தவர். மெல்லிய ஆயில் கேட்கும் என்ஜினில் கெட்டியான ஆயிலை ஊற்றினால், புகை சில வாரங்களுக்கு அடங்கிக் கிடக்கும். கூடவே ஊற்றுவதற்கென்று புட்டியில் மருந்தும் விற்கிறார்கள். செக் என்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனரைச் செருகி அழித்துவிடலாம்; பழுது அப்படியே இருந்தாலும், கார் அதை மறுபடி கண்டுபிடித்து விளக்கை ஏற்றுவதற்குச் சில நாள் ஓட்டம் தேவைப்படும். அதற்குள் ஆர்.சி. பெயர் மாறிவிடும். ஒவ்வொரு சிகிச்சையின் ஆயுளும் விற்பனை முடியும் நாள்வரைக்கும் சரியாகக் கணக்கிடப்பட்டிருக்கும். அளவறிந்து மருந்து கொடுப்பவர் என்று இவரைத் தயங்காமல் சொல்லலாம்.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் அவனுடைய படைக்கலங்களைப் புகழ்ந்தது புறநானூற்றில் 95ஆம் பாட்டாக இருக்கிறது. பீலி சூட்டி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அவை அழகாக இருக்கின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன என்பது அவர் சொன்ன செய்தி. தொண்டைமானின் வேல்களைப் பற்றி அவர் சொன்னதில் பொய்யே இல்லை. அண்ணாச்சி ஷெட்டில் பானட்டைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாளிகை நினைவுக்கு வருகிறது. என்ஜின் மேல் தூசு இல்லை, ஆயில் கறை இல்லை. குழாய்களெல்லாம் பாலிஷ் போட்டுக் கருகருவென்று மின்னுகின்றன. எந்தக் கேஸ்கெட் ஓரம் கசிந்தது, எந்த போல்ட் கழற்றி மாட்டப்பட்டது என்று காட்டக்கூடிய அழுக்கு முழுவதையும் ஸ்டீம் வாஷ் கொண்டுபோய்விட்டது. தெருக்கோடி மெக்கானிக்கிடம் அடிக்கடி போய்வந்த நல்ல வண்டியின் என்ஜினில் புழுதி இருக்கும், புது கேஸ்கெட்டின் பசைக் கோடு தெரியும், பையில் பில் இருக்கும். பார்வைக்கு அது இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

அரசாங்கமும் இவருக்கு ஒத்தாசை செய்கிறது. புது மாடல் காருக்கு அனுமதி கொடுக்கும் முன் ஆய்வுக்கூடத்தில் செய்யும் புகைச் சோதனை, வண்டியைப் பல மணி நேரம் ஆறப்போட்ட பிறகே தொடங்கும். கேடலிட்டிக் கன்வெர்ட்டர் ஏறத்தாழ 250, 300 டிகிரி வெப்பத்தைத் தொட்ட பிறகுதான் வேலை செய்யும். அதுவரை வரும் முதல் சில நிமிடப் புகையில்தான் அழுக்கு அதிகம். இது தெரிந்தே அந்தச் சோதனையை அப்படி வகுத்தார்கள். அதே கார் தெருவுக்கு வந்து, பத்து வருடம் ஓடிக் களைத்த பிறகு, புகைச் சான்றிதழ் மையத்தில் என்ஜினைச் சூடாக்கியபின் பரிசோதிக்கிறோம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி வழங்கும் அந்தத் தாள், சூடான நிலையில் வண்டி எப்படி இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். ஆறிய வண்டியைப் பற்றி ஒரு வரியும் அதில் இராது. அண்ணாச்சி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காட்டி, "கவர்ன்மென்ட்டே சொல்லிட்டான் சார்" என்கிறார். மாசுக்கட்டுப்பாட்டுக்காக அச்சிடும் தாளை என்ஜினுக்கு நற்சான்றாக மாற்றிக்கொள்ளும் விரல் அவருக்கு வாய்த்திருக்கிறது.

வாங்கிப் போனவர் வீட்டில் பிறகு நடப்பதை அவர் பார்ப்பதில்லை. ஆகவே நான் சொல்லிவிடுகிறேன். நகையை அடகுவைத்து, சீட்டை எடுத்து, மீதிக்கு மாதத் தவணை போட்டு வாங்கிய வண்டி அது. அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வாங்கியிருப்பார்கள். பெண்ணின் காலேஜ் வேறு ஊரில் இருக்கும். மறுநாள் காலை வாசலில் முதன்முதலாக ஆறிய என்ஜினை எழுப்பும்போது, கோலம் போட்டுக்கொண்டிருக்கும் எதிர்வீட்டுக்காரர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். வாரம் ஒருமுறை ஆயில் ஊற்றத் தொடங்குகிறார்கள். எரியும் ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் கன்வெர்ட்டரில் படிந்து அதையும் மெல்லச் சாகடிக்கிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, சீல் மட்டுமென்றால் சில ஆயிரத்தில் முடியும், ரிங்கும் போயிருந்தால் என்ஜினை இறக்க வேண்டும் என்கிறார். இறக்கினால் தொகை அரை லட்சத்தைத் தாண்டும். அடகு நகை அப்போது மூழ்குகிறது. திரும்பிப் போய்க் கேட்டால் அண்ணாச்சி சிரித்த முகம் மாறாமல், "ஓட்டிப் பாத்துத்தானே சார் எடுத்தீங்க?" என்பார். ஓட்டிப் பார்த்தது உண்மை. சூட்டில் ஓட்டிப் பார்த்தார்கள்.

விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாத சந்தையில் என்ன ஆகும் என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார்தான். எது நல்லது, எது கெட்டது என்று பிரிக்கத் தெரியாதவர்கள் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலையையே கொடுப்பார்கள். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் சந்தையை விட்டுப் போய்விடுவார். மிச்சம் நிற்பது ஓட்டைதான். அக்கர்லாஃபுக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் தாளில் எழுதியதை வாரத்துக்கு ஏழு நாளும் நடத்திக் காட்டும் அண்ணாச்சிக்கு யாரும் சால்வைகூடப் போர்த்தவில்லை.

வாங்குபவர்களுக்கும் ஒரு தகவல். வண்டியை இரவு நிறுத்தியபடியே விடச் சொல்லி, நீங்கள் போன பிறகுதான் சாவியைத் தொட வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள். போனதும் பானட்டையும் ரேடியேட்டர் மேல்குழாயையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள், வேறொரு நாள் போகலாம். புதிய டீசல் கார்களில் கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் இருப்பதால் பின்னால் கறுப்பு தெரியாமலே போகலாம். அங்கே கண்ணை நம்பாமல் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். இப்படிக் கேட்டதற்காகக் கோபப்படும் விற்பனையாளர், என்ஜின் எதைச் சொல்லும் என்பதை அப்போதே சொல்லிவிட்டார்.

இத்தனையிலும் உச்சமான திறமையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அது வாங்கும் பக்கத்தில் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் பன்னிரண்டு வருட வண்டியை விற்க வருகிறார் என்று வையுங்கள். அப்போது அண்ணாச்சி முதல் நாள் மாலையே போன் செய்வார். "சார், காலைல வண்டியை எடுக்காதீங்க. நாங்களே வந்து ஸ்டார்ட் பண்ணிப் பாத்துக்கறோம்." ஆறு மணிக்கு அவருடைய மெக்கானிக் வாசலில் நிற்பார். பானட்டைத் தொட்டு, ஜில்லென்று இருப்பதை உறுதி செய்துகொண்டு, ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் டெயில் பைப் பக்கம் குந்தி உட்கார்ந்து போனில் வீடியோ எடுப்பார். நீலப் புகை வரும். ஆசிரியர் எதையும் மறைக்கமாட்டார். வால்வு சீல் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் போன வருடமே சொன்னார் என்று தானாகவே சொல்வார். அண்ணாச்சி உச்சுக்கொட்டுவார். "என்ஜின் வேலை சார். நாற்பது குறைச்சுக்குங்க." சில ஆயிரம் ரூபாய் சீலுக்கு நாற்பதாயிரம் குறையும்.

அந்த வீடியோ அண்ணாச்சி போனிலிருந்து அன்றைக்கே அழிந்துவிடும். வண்டி ஷெட்டுக்கு வந்து, குளித்து, கெட்டி ஆயில் குடித்து, அடுத்த வாரம் "சிங்கிள் ஓனர், வாத்தியார் வண்டி, என்ஜின் சத்தமே கேக்காது" என்று நாற்பதாயிரமும் ஏற்றி விலைபோகும். ஆறிய வண்டியைப் பார்த்தே தீர வேண்டும் என்ற நியாயம் தெரிந்தவர், அந்த நியாயத்தைத் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மாற்றாத ஒரு சீலுக்கு இரண்டு குடும்பங்களிடம் கூலி வாங்கிவிடுகிறார்.