அறிக்கை வரும், பொறுங்கள்

இங்கிலாந்தில் ஆதரவற்ற முதியவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, உணவூட்டும் பொறுப்பு உள்ளாட்சி மன்றங்களுடையது. அவற்றின் கஜானாவோ வறண்டு கிடக்கிறது. அதற்கென்றே கவுன்சில் வரியைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம் என்று 2016-இல் மத்திய அரசு பெரிய மனதோடு அனுமதித்தது. வசவும் உள்ளூருக்கே போய்விடும், சிக்கனமான ஏற்பாடு. 2023-இல் பர்மிங்ஹாம் மாநகராட்சியே கையை விரித்தது (அங்கே சம ஊதிய பாக்கியும் சேர்ந்துகொண்டது).

முதியவர் தலையில் விழும் பராமரிப்புச் செலவுக்கு உச்சவரம்பு வையுங்கள் என்றது 2011-இல் டில்நாட் ஆணையம். 2014-இல் சட்டம் வந்தது. வரம்புதான் வரவில்லை, தள்ளித் தள்ளிப் போட்டு 2024-இல் கைகழுவினார்கள். சும்மா இருந்துவிடவில்லை, 2025-இல் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள். இறுதி அறிக்கைக்குக் கெடு 2028. எண்பதைத் தாண்டியவர்கள் தயவுசெய்து அவசரப்பட வேண்டாம்.